துரைக்கு ஏழு மணி ஊசி

மார்ச் 3, செவ்வாய்

துரை மறுபடியும் குளியலறை வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று வைத்திருக்கும் கிண்ணம் காலி. காலையில்தான் நிரப்பினேன். வெயில் ஏறிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றுக்குப் போகும் மணல் தட்டு முழுக்க ஈரக்கட்டி. அதற்கும் வெயில்தான் காரணமா?

பூனையை அவர் இவர் என்று எழுதுவதைப் படித்தால் சிரிப்பார்கள். யார் படிக்கப்போகிறார்கள். இந்த வீட்டில் என்னோடு இருந்த தோழி வைத்த பெயர் அது. மத்தியானம்வரை தூங்கி எழுந்து, வேலைக்காரர்களைப் பார்ப்பதுபோல எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "தொரை எழுந்துட்டாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பாள். கல்யாணமாகிப் போனபோது இரண்டை இங்கே விட்டுப்போனாள்: ஒரு நீலக் குடை, துரை. குடையை மட்டும் ஒருநாள் வந்து வாங்கிக்கொண்டாள்.

அழைப்பு மணிக்கு இன்று புது பேட்டரி போட்டேன். வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுத்திப் பார்த்தேன். அடித்த மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது. உள்ளேயிருந்து "அடிக்குது" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். துரை உள்ளேதான் இருந்தார். அவர் சொல்ல மாட்டார்.

மார்ச் 5, வியாழன்

ஜன்னல் திட்டுக்குத் தாவப்போய்த் தவறி விழுந்தார். விழுந்ததை நான் பார்க்கவில்லை என்பதுபோல முதுகை நக்கிக்கொண்டார். நடையே மாறிவிட்டது. பின்னங்கால்களின் குதி தரையில் பட, முயல் மாதிரி பதிந்து பதிந்து நடக்கிறார். தூக்கினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. இரண்டு பூனையின் சாப்பாடு சாப்பிடுகிறார், எங்கே போகிறது எல்லாம்? நாளைக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

சர்க்கரை நோய்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு முன்கையிலும் கீறல் தழும்பு. துரையின் காது ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கருவி யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்.

"பூனைக்கு சுகர் வருமா டாக்டர்?"

"மனுஷங்களுக்கு மட்டும்னு எழுதியா வெச்சிருக்கு?"

இன்சுலின். காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பாடு, சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு ஊசி. இதுவரை போட்ட மொறுமொறு தீனி இனி கிடையாது. பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஏற்ற வேண்டும். ஒரு பஞ்சு பொம்மையை வைத்து எனக்குப் பழக்கிக் காட்டினார். பொம்மையில் நன்றாகவே போட்டேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் தள்ளாடுமாம். அப்போது ஈறில் தேன் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

"வீட்ல வேற யாரு இருக்காங்க? ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா ஒருத்தர் போடறது சுலபம்."

"நான் மட்டும்தான்."

"அப்ப ரெண்டு வேலையும் நீங்களே." சொல்லிவிட்டு அடுத்த கூண்டைத் திறக்கப் போய்விட்டார். சாதாரணமாகத்தான் சொன்னார். வண்டியில் வரும்போது அந்த வாக்கியம் மட்டும் கூடவே வந்தது.

மார்ச் 7, சனி

போட்டேன். பொம்மையைவிட நேரமானது, ஆனால் போட்டுவிட்டேன். துரை திரும்பி ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மன்னித்தாரா தெரியவில்லை. சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அப்பாவின் ஃபோன். "பூனைக்கு சுகரா? எழுபது வயசாச்சு, எனக்கே இல்ல. உன் பூனைக்கு என்ன வந்தது, இனிப்பு பலகாரமா சாப்பிட்டுச்சு?" சிரித்தேன். அப்புறம் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். புரை முற்றிவிட்டதாம், அடுத்த மாத ஆரம்பத்தில் ஆபரேஷன். "சின்ன விஷயம்மா. பக்கத்து வீட்டுக்காரர் வரேன்னிருக்கார்." அண்ணன் கடல் தாண்டி இருக்கிறான். அம்மா போய் ஆறு வருடம். 'நீ வா' என்று அப்பா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு ஃபோனிலேயே தெரிந்தது.

மார்ச் 9, திங்கள்

நான் பார்க்கும் வேலையைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதே இல்லை போலிருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். ஒலி புகாத சின்ன அறை, ஒரு மைக், ஒரு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் அக்கா. ஆபீஸில் எல்லாரும் அவரைக் காதுக்காரி என்பார்கள். அடுத்த மாடியில் நாற்காலியை இழுத்தால் இங்கே பதிவை நிறுத்துவார்.

இப்போது ஒரு தடித்த வரலாற்று நாவல் போகிறது. ராஜா சாகவே மாட்டேன் என்கிறார். நாக்கு தடுக்கினால் "ச்சே, மறுபடி" என்று முனகிக்கொண்டு வாக்கியத்தை முதலிலிருந்து வாசிப்பேன். முனகலை அக்கா அப்புறம் வெட்டி எறிந்துவிடுவார். தடுக்கியதா இல்லையா என்று எனக்கே தெரியாவிட்டாலும் வாசிப்பேன். நான் சேர்ந்த அன்றே அக்கா சொன்னது: "சந்தேகமா இருந்தா இன்னொரு டேக். யோசிக்கவே யோசிக்காத." ஐந்து வருடத்தில் அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது.

இனி ஆறு மணிக்குமேல் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியாது என்று சொன்னேன். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சரி"க்குக் கட்டைவிரல் மேலே, "வேண்டாம்"க்குக் கீழே. கண்ணாடி வழியாகத்தானே எங்கள் பேச்செல்லாம்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு வாய்விட்டு என் சொந்த வார்த்தையாகப் பேசியது மொத்தம்: "கீழ்த்தளம்", "சில்லறை இல்லை", "சாப்பிடு துரை".

மார்ச் 15, ஞாயிறு

தோழிக்குச் செய்தி அனுப்பி ஒரு வாரம் கழித்துப் பதில். "அய்யோ பாவம் தொரை!!" மூன்று அழுகை முகம். அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வைத்துக்கொள்வாளா என்று கேட்டேன். "இவருக்கு முடின்னாலே அலர்ஜிடி. ஹாஸ்டல் மாதிரி இருக்கும்ல, அங்க விடேன்." அப்படி ஓர் இடத்துக்கு ஃபோன் செய்தேன். ஊசி போடும் பூனையை எடுக்க மாட்டார்களாம்.

அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரே அறையில் மூன்று வருடம் மூச்சு விட்டவர்கள் நாங்கள். இப்போது அவள் வீட்டுக்காரருக்கு எதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரிகிறது, அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

சர்க்கரை போதுமான அளவு இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். துரை முன்னைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறார். குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கண்டுபிடித்து, அதற்கடியில் கழுத்தை நீட்டி நாக்கால் பிடித்துக் குடிக்கிறார். கிண்ணத்தைச் சீண்டுவதில்லை. துரை அல்லவா, ஓடும் நீர்தான் வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் துரை சாப்பிட்டான். ஏழு மணிக்கு ஊசி. அழுத்தினேன். அவன் நெளிந்தான். ஊசியை எடுத்துவிட்டுத் தடவினால் பிடரியெல்லாம் ஈரம். ஊசி தோலைத் துளைத்து அந்தப் பக்கம் வந்து மருந்து முடிமேல் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போச்சா, இல்லையா? போச்சா? மோந்து பார்த்தேன். இன்சுலினுக்கு ஒரு வாசனை உண்டாம், எனக்கு என் கை சோப்பு வாசனைதான் வந்தது. யாரைக் கேட்பது. டாக்டரின் கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். யோசிக்கவே இல்லை. இன்னொரு தடவை ஏற்றி இன்னொரு தடவை போட்டுவிட்டேன்.

சந்தேகமா இருந்தா இன்னொரு டேக்.

பத்து மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்குக் கீழே ஏதோ இடிக்கிற சத்தம். குனிந்து பார்த்தால் அவன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கட்டில் காலில் முட்டி முட்டி, நேராக நிற்கத் தெரியாமல். கூப்பிட்டேன், கண் என்னைத் தாண்டிப் போகிறது. தேன் — தேன் எங்கே வைத்தேன்? மூடி திறக்கவில்லை, பல்லால் திறந்தேன். ஈறில் தேய்த்தேன், கடித்தான், கடிக்கட்டும் கடிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். துண்டில் சுற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கியதும் வண்டி பிடித்ததும் நினைவில்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

குளுக்கோஸ் ஏறுகிறது. இன்றிரவு அங்கேதான்.

நான்தான் செய்தேன்.

மார்ச் 23, திங்கள்

பிழைத்துவிட்டான்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்புதான் இது. கேட்டுக்குங்க. போச்சா இல்லையான்னு சந்தேகம் வந்தா, போச்சுன்னு வெச்சுக்குங்க. ஒரு வேளை தவறினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு வேளை ஒண்ணா ஏறினா ஆள் காலி."

"பிடரி ஈரமா இருந்துதே டாக்டர்."

"வேற எப்படியாவது நனைஞ்சிருக்குமா?"

குழாய். குழாய்க்கடியில் கழுத்தை நீட்டித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தான். என் கண் முன்னால்தான் குடித்தான். பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றிருந்தால் "ஏய், அது குழாத்தண்ணி" என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தை.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஊசி மருந்துப் பெட்டியைத் திறக்கவே பயம். அளவைப் பழையபடி குறைத்திருக்கிறார். மாலையில் போட்டுவிட்டுத் தடவிப் பார்க்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா. ஆபரேஷன் இரண்டாம் தேதி. "நீ பூனைய விட்டுட்டு எப்படி வருவ, வேண்டாம். இவரு இருக்காரு பக்கத்து வீட்ல." ஃபோனை வைக்கப்போனவர்: "ஒரு கண்ணைக் கட்டிடுவாங்களாம். இன்னொரு கண்ணுல ஏற்கெனவே ஒண்ணும் தெரியல. வேடிக்கையா இருக்கும்."

வர முடியாதுப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன். "அப்புறம் கூப்பிடறேன்" என்றேன். போனால் துரை செத்துப்போகலாம். போகாவிட்டால் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். கேட்பதற்கு ஃபோனில் பெயர் தேடினேன். ப்ளம்பர், கேஸ்காரர், தோழி, டாக்டர். கீழே தள்ளத் தள்ளக் கடை பெயர்கள்தான்.

மார்ச் 26, வியாழன்

வாசித்துக்கொண்டிருந்தேன். பிழையே இல்லை. ராஜா ஒருவழியாகச் சாகிறார். திடீரென்று விளக்கு அணைந்தது. அக்கா பதிவை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஐந்து வருடத்தில் அவர் இந்தப் பக்கம் வந்தது இரண்டாம் தடவை. முதல் தடவை பல்லி வந்தபோது.

"என்ன ஆச்சு?"

"எங்கக்கா தப்பு? மறுபடி வாசிக்கிறேன்."

"வாசிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூச்சு சரியில்ல. நாலு நாளா ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் அழுதுட்டு வந்தவ மாதிரி ஒரு மூச்சு இழுக்கற. எல்லாத்தையும் வெட்டி எடுத்து எடுத்து எனக்கு விரல் வலிக்குது. ராஜாவுக்கா அழற? அந்தாளு இவ்ளோ நேரம் இருந்ததே அதிகம்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். குழாய், தேன், அப்பா, ஒற்றைச் செருப்பு. அவருடைய 'இன்னொரு டேக்'கையும் சொன்னேன், அதற்காக வருத்தப்படுவார் என்று தெரிந்தும். அக்கா மைக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் மாமியாருக்கு நாலு வருஷமா நான்தான் இன்சுலின் போடறேன். போடும்போதெல்லாம் என் பிறந்த வீட்டையே இழுத்துத் திட்டுவாங்க. உன் தொரை அவ்வளவு திட்டுவாரா?"

"இல்லக்கா. சும்மா பார்ப்பார்."

"அப்ப எனக்கு அது லீவு மாதிரி."

மார்ச் 29, ஞாயிறு

அக்கா வந்தார். மணி அடித்தது — அடிக்கிறது, நன்றாகவே அடிக்கிறது, உள்ளே இருக்கும்போது காதைத் துளைக்கிறது. துரை கட்டிலுக்கடியில் பாய்ந்துவிட்டார். இந்த வீட்டில் மணிச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லையோ என்னவோ.

அக்கா வீடு முழுக்கப் பார்த்தார். புத்தக அலமாரி, ஒற்றை நாற்காலி, காயப்போட்ட ஒரு டம்ளர். எனக்குக் கூசியது. அவரோ நடுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அடேயப்பா. என்ன ஒரு அமைதி! எங்க வீட்ல அவர் ஒரு கட்சி, மாமியார் ஒரு கட்சி, நடுவுல நான் சபாநாயகர். இங்க உட்காரக் காசு குடுக்கலாம் போலிருக்கே."

அந்த அமைதியை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மாலை ஏழு மணிக்கு நான் பிடித்துக்கொண்டேன், அவர் போட்டார். கை ஆடவே இல்லை. "போச்சு" என்றார். நான் கேட்பதற்கு முன்பே.

சாவிக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 1, புதன்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. கிளம்பும்போது துரை பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இறக்கிவிட்டேன். பெட்டி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது இருப்பார்தானே?

ஏப்ரல் 2, வியாழன்

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே கூட்டிப்போகும்போது என் கையை விடவில்லை. நர்ஸ் பிரித்துவிட்டார். வெளியே வந்து கட்டுப்போட்ட கண்ணோடு, "யாரது, என் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று மாலை அக்காவிடமிருந்து ஒரே வரி: "கட்டிலுக்கடியில இருக்காரு. சாப்பிட வரல." சாப்பிடாமல் ஊசி போடக்கூடாது. போடாமல் எத்தனை வேளை விடலாம்? டாக்டரைக் கேட்டேன், ஒரு வேளை பொறுக்கலாம், காலையிலும் சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா, அங்கே அவன். இரண்டு பேரும் எனக்கு மூடிய கதவுக்குப் பின்னால்.

எட்டு மணிக்குமேல் அக்காவிடமிருந்து வந்தது. படம் இல்லை, ஒலிப்பதிவு. வேறு எதை அனுப்புவார் அக்கா. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. என் வீட்டு அமைதி. ஃப்ரிட்ஜின் முனகல், தூரத்தில் குழாய் சொட்டு. பிறகு ஒரு குரல், வாசிக்கும் குரல், ராஜாவின் அரண்மனையை வர்ணிக்கிறது. நான்தான். அக்கா போட்டுக் காட்டியிருக்கிறார். கட்டிலுக்கடியில் அசைவில்லை. "இது யாருன்னே தெரியல இவருக்கு" என்று அக்கா சொல்வது கேட்டது. ஒரு க்ளிக். பிறகு வேறொன்று. மூச்சு. தொண்டைச் செருமல். "ச்சே, மறுபடி." ஒரு சின்னச் சிரிப்பு. "அய்யோ நாக்கே, என்ன வேணும் உனக்கு." மறுபடியும் "ச்சே, மறுபடி." அக்கா வெட்டி எறிந்ததாக நான் நினைத்திருந்த எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக.

தரையில் நகம் படும் சத்தம். டக், டக், டக். 'ம்யாவ்' என்றுகூடச் சொல்ல முடியாது அதை, ஒரு கேள்வி. அப்புறம் கிண்ணத்தில் நாக்கு. நீளமாக, நிதானமாக அவர் சாப்பிடும் சத்தம். கடைசியில் அக்கா, மைக்குக்கு மிக அருகில்: "போச்சு."

வராந்தாவில் ஒருவர் "என்னம்மா, ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

திரும்பிவிட்டேன். துரை வாசலுக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு பார்வை: இவ்வளவு நேரமா? பிறகு என் பெட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டார். அப்பா கட்டு அவிழ்த்த கண்ணால் செய்தித்தாள் படித்துவிட்டு அதில் உள்ள எல்லாரையும் ஃபோனில் திட்டுகிறார்.

அந்தத் துண்டுகளை ஏன் வைத்திருந்தார் என்று அக்காவிடம் கேட்டேன். "எறிய மனசு வரல. புத்தகம் வாசிக்கிறப்ப நல்லாத்தான் வாசிக்கற, ஆனா அது யார் வேணா வாசிக்கலாம். வேலை முடிஞ்சதும் இதைத்தான் கொஞ்ச நேரம் கேட்டுட்டு வீட்டுக்குப் போவேன்."

ஐந்து வருடமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில்.

ஏப்ரல் 9, வியாழன்

சாவியைத் திருப்பித் தரவந்தார். கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போகும்போது சாவியும் அவரோடு போய்விட்டது. நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் பழைய புத்தகக் கடைத் தெருவில் இறங்கிவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று. ஒன்றும் வாங்கவில்லை, புரட்டிப் புரட்டி வைத்தேன். ஏழு அடித்தது. பஸ் பிடிக்க நாலடி ஓடிவிட்டு நின்றேன். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அக்காவுடையது. "சபையை ஒத்திவெச்சுட்டு வரேன்" என்று அவராகவே எடுத்துக்கொண்ட நாள்.

தெருமுனையில் திரும்பியபோது என் ஜன்னலில் விளக்கு எரிந்தது. யார் வீடு என்று ஒரு கணம் யோசித்தேன்.

மாடி ஏறினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்: "போச்சுய்யா, போச்சு. எத்தனை தடவை திரும்பிப் பார்ப்ப?"

சாவி கையில்தான் இருந்தது. மணியை அடித்தேன்.

"யாரு?"